ஆறு கட்டை வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில அமைப்பை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர் எவரும் ‘இல்லை’ என்னுஞ் சொல்லோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மலை இல்லை, பெருங்காடு இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. கீரிமலை என்று பெயர் உண்டு. ஏறிப் பார்க்க மலை இல்லை. வழுக்கியாறு என்று பெயர் உண்டு; மாரி கழிந்துவிட்டால் அதனைத் தேடிக்கொண்டு போகவேண்டும். சுண்ணாம்புக் கல்லின்மேற் பரந்து கிடக்கும் செம்மண், அதன்மேற் புகையிலையும் வெங்காயமும், அப்பாற் பனந்தோப்பு, அதற்கும் அப்பாற் பரவைக் கடல்: இவ்வளவே நமது நாடு. ஆயினும், இத்தனை ‘இல்லை’களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு பெரிய ‘உண்டு’ பிறக்கின்றது. சமதரை உண்டு. சமதரை உண்டாகவே, சைக்கிளும் உண்டு.

நெதர்லாந்து தேசத்தாருக்கு அடுத்தபடியாகச் சைக்கிளுக்கென்றே படைக்கப்பட்ட நிலம் எவருடையது என்று என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தாருடையது என்று தயங்காமற் கூறுவேன். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குக் காங்கேசன்துறை வீதியால் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். எங்கள் பெரியோர் கணக்கில் ஆறு கட்டை. பல ஆண்டுகளாக இவ்வாறு கட்டையையும் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மிதித்துக் கடப்பவன் என்ற உரிமையோடு இக்கட்டுரையை எழுதுகின்றேன். கார் என்னிடம் இல்லை. மோட்டார்ச் சைக்கிளும் இல்லை. ‘மாஸ்டர், இன்னும் சைக்கிள்தானோ?’ என்று வினவுவோர்க்கு இது விடையாகவும் அமையலாம்.

இயந்திரமும் அதன் வரலாறும்

சைக்கிளை எளிய பொருள் என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் அஃது உருப்பெறுவதற்கு மனித அறிவு நெடுங்காலம் உழைத்திருக்கின்றது. 1817ஆம் ஆண்டில் ஜேர்மனி தேசத்துக் காள் வொன் டிறைஸ் என்பார் இரண்டு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, நிலத்தைக் காலால் உந்திச் செல்லும் வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் இல்லை. 1860களில் பிரான்சு தேசத்திற் பெடல் வந்தது. ஆனால் அது முன்சில்லோடு பொருந்தியிருந்தமையால், விரைவு வேண்டியவர் முன்சில்லை ஆள் உயரத்துக்குப் பெருப்பிக்க நேர்ந்தது. விழுந்தால் எலும்பு முறியும் உயரம் அது! 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் ஒத்த அளவான இரு சில்லுகளும், பின்சில்லை இழுக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். மூன்றாண்டு கழித்து, 1888இல், பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியராகிய டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம்முடைய முற்றத்திற் சாத்தியிருக்கும் சைக்கிள் அடிப்படையில் அந்த வண்டியே.

அந்த ரயரில் நமது தீவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1876இல் பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலண்டனிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. டன்லொப்பின் கண்டுபிடிப்பு இறப்பருக்குத் தேவையைப் பெருக்க, அக்கன்றுகளின் வழிவந்த மரங்கள் இந்நாட்டின் பெருஞ் செல்வமாயின.

கணிதம் பயிலும் மாணவர்க்கு ஒரு சிறு கணக்கு. முன்பல்லுச் சில்லில் 44 பற்களும், பின்பல்லுச் சில்லில் 18 பற்களும், 28 அங்குலச் சில்லும் உள்ள வண்டியொன்றில் பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் செல்லும்? 44ஐ 18ஆற் பிரித்து, சில்லின் சுற்றளவாற் பெருக்குக. ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் வரும். எனவே ஆறு கட்டைக்கு ஏறத்தாழ 1,800 சுற்றுக்கள் போதும். நடப்பவன் ஒரு மணித்தியாலத்தில் ஐந்து கிலோமீற்றர் செல்ல எவ்வளவு பாடுபடுகின்றானோ, ஏறக்குறைய அவ்வளவு பாட்டில் சைக்கிளிற் செல்பவன் பதினைந்து கிலோமீற்றர் சென்றுவிடுகிறான். உடலின் பாரத்தை வண்டி தாங்கிக்கொள்ள, கால்கள் முன்னோக்கித் தள்ளும் வேலையை மாத்திரம் செய்வதே இதன் இரகசியம்.

விடியற்கால வீதி

காங்கேசன்துறை வீதியைக் காரில் இருந்து பார்த்தவர் அதனைப் பார்த்தவரல்லர். கண்ணாடிக்கு வெளியே கடைகளும் மதில்களும் ஓடி மறையும், அவ்வளவே. நடந்து பார்ப்பவர்க்கோ நேரம் போதாது. ஊரின் முகத்தையும் மணத்தையும் ஓசையையும் ஒருங்கே அறிவதற்கு ஏற்ற வேகம் சைக்கிளின் வேகமே.

காலை ஆறு மணிக்குச் சுன்னாகச் சந்தை முன்னரே விழித்துவிட்டிருக்கும். தோட்டத்திலிருந்து வந்த சைக்கிள்களின் கரியர்களில் மரவள்ளிக் கிழங்கும், வாழைக்குலையும், கத்தரி நிரம்பிய சாக்கும் இருக்கும். ஓட்டி வருபவரைக் காணமுடியாது. மூட்டை தானாக நடந்து வருவது போலத் தோன்றும். பாரம் மிகுந்தபொழுது அவர் ஏறி ஓட்டுவதில்லை. ஹாண்டிலை ஒரு கையாலும் மூட்டையை மறு கையாலும் பிடித்து உருட்டிக்கொண்டே வருவார். வண்டியென்றும் வண்டிக்காரனென்றும் வேறுபாடின்றி இருவரும் சேர்ந்து சுமக்கும் காட்சி அது.

சந்தையைக் கடந்து தெற்கே திரும்பினால் மருதனார்மடம். உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் திருவுருவத்தைக் கண்டதும் சைக்கிளில் வருவோர் பலர் ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இற் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றது. அக்காலத்திற் பெண்பிள்ளைகள் மூடிய வண்டில்களில் அங்கு வந்திறங்கியிருப்பர். இன்று வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக நாலைந்து பேர் வரிசையாகச் சைக்கிளில் வந்து, பெல் அடித்து, வாயிலுட் புகுகின்றனர். நூறு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை விளக்க இதனினும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது இணுவில். நாதஸ்வர, தவிற் கலைஞர் பலரை ஈன்ற ஊர். கந்தசுவாமி கோயில் மஞ்சத்தாற் புகழ் பெற்ற ஊர். புகையிலைக் காலத்தில் இவ்வூரைக் கண்ணை மூடிக்கொண்டே அறியலாம். உணக்கப் போட்ட புகையிலையின் காரமான மணம் வீதிவரை வந்து நம்மை எதிர்கொள்ளும். பின்னர் தாவடி, குளப்பிட்டிச் சந்தி, கொக்குவில். இங்கு வந்ததும் வீதியில் வெள்ளை நிறம் பெருகிவிடும். எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர் வந்து கலப்பர். மீன் பெட்டி கட்டிய சைக்கிளொன்று ஊதுகுழலை அழுத்திக்கொண்டு எதிரே வரும். சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிய ஆசிரியை ஒருவர் குடையையும் கைப்பையையும் முன்கூடையில் வைத்துக்கொண்டு அவசரமாகப் போவார். முதுகு வளைந்த முதியவர் ஒருவர், உலகில் எவருக்கும் அவசரமில்லை என்பதுபோல, வீதியோரமாக ஆறுதலாக மிதித்துப் போவார்.

நாச்சிமார் கோயிலடி, தட்டாதெரு, வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் என்று வழி முடிகின்றது. ஆறுமுக நாவலர் 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் இவ்வண்ணார்பண்ணையிலேதான். வெயில் ஏறுமுன் நகரத்தை அடைந்தவனுக்கு முதுகிற் சிறிது வியர்வை; மனத்தில் நிறைந்த தெளிவு. முதற் பாடவேளைக்கு இதனினும் நல்ல ஆயத்தம் வேறில்லை.

காற்றைப் படித்தல்

மேடுபள்ளமில்லாத நாட்டிற் சைக்கிளோடுவது மிக எளிது என்று மலைநாட்டார் எண்ணக்கூடும். அவர்களுக்கு நமது காற்றைத் தெரியாது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அக்காலத்திற் சுன்னாகத்திலிருந்து தெற்கு நோக்கி நகரத்துக்குப் போவது, கண்ணுக்குத் தெரியாத மலையொன்றில் ஏறுவதற்கு ஒப்பாகும். மாலையில் அதே காற்று முதுகிலே கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும். கார்த்திகை, மார்கழியில் வாடை எழுந்ததும் கணக்கு மாறிவிடும். காலையில் உதவி, மாலையில் உபத்திரவம். காரில் இருப்பவனுக்குக் காற்று ஒரு செய்தியே அன்று. சைக்கிளில் இருப்பவனுக்கோ அது நாள்தோறும் படித்துத் தேறவேண்டிய பாடம்.

இப்பாடத்தின் உயர்தரப் பரீட்சை பண்ணைப் பாலத்திலே நடைபெறும். கோட்டையைக் கடந்து தீவுப்பகுதிக்குச் செல்லும் அந்நெடுந் தெருவில் இருமருங்கும் ஆழமற்ற கடல். மரமில்லை, மதிலில்லை, மறைவில்லை. ஆனிமாதச் சோளகத்தில் அங்கு எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தவன் தன் கால்களின் உண்மையான வலிமையை அறிவான். கைம்மாறாக, மாரிகாலத்திற் பரவைக் கடலிற் கூட்டங் கூட்டமாக வந்திறங்கும் பூநாரைகளை நின்று பார்க்கும் பாக்கியமும் அவனுக்கு உண்டு. எஞ்சினின் ஓசையில்லாதவனைக் கண்டு பறவைகள் எளிதில் அஞ்சுவதில்லை.

சைக்கிள் சுமந்த காலம்

எமது மக்களுக்குச் சைக்கிள் வெறும் வாகனமன்று. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, தெற்கிலிருந்து வரும் பாதை மூடப்பட்டு, பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றானபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழங் கார்கள் சில மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடின. ஏனைய எல்லாவற்றையும் சைக்கிளே செய்தது. நோயாளி கரியரிலே வைத்தியசாலைக்குப் போனார். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் சைக்கிளிற் கோயிலுக்குப் போயினர். விறகு வந்தது; கிடுகு வந்தது; கடிதம் வந்தது. மின்சாரம் இல்லாத அவ்விரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதை என் வயதினர் மறந்திருக்க முடியாது. ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்பர். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்!

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. அன்று எங்கள் குடும்பத்தின் உடைமை முழுவதும் என் தந்தையாரின் ரலி சைக்கிளில் இருந்தது. பாரில் அரிசி மூட்டை. ஹாண்டிலில் இரண்டு பைகள். கரியரில் என் பேர்த்தியார். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மக்கள் வெள்ளம் அடியடியாக நகர்ந்தது. மழை பெய்தது. சைக்கிளில் ஏறி ஓட ஓர் அங்குல இடமுமில்லை. ஆயினும் அதனைக் கைவிட்டவர் எவருமிலர். இரவு முழுவதும் தந்தையார் அதனை உருட்டினார். நான் பின்னாலிருந்து பேர்த்தியாரின் முதுகைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். அவ்விரவைப் பற்றி எழுதியோர் பலர். சைக்கிளைப் பற்றி எழுதியோர் சிலர். ஆதலால் இதனை இங்கே குறித்து வைக்கின்றேன்.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, இந்தப் பழைய பாடம் எல்லோர்க்கும் பொதுவாயிற்று. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்க இசைந்தவர்க்கும் கிடைக்கவில்லை. வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. கொழும்பிலே கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தரும் சைக்கிளில் அலுவலகம் சென்றதைப் பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிட்டன. யாழ்ப்பாணத்தில் அது செய்தியே அன்று. பரணில் ஏற்றியிருந்த சைக்கிள்களை இறக்கித் தூசி தட்டினோம், அவ்வளவுதான். ஆனால் பெற்றோல் வந்ததும் அவற்றுட் பல மீண்டும் பரணுக்கு ஏறியதைச் சொல்லாது விடவும் முடியாது.

புதியதன்மேல் ஆசை

தந்தையாரின் அந்த ரலிதான் இன்றும் என்னைச் சுமக்கின்றது. கம்பிப் பிறேக்கும், மூடிய சங்கிலிப் பெட்டியும், தோல் சீற்றும் உடைய கறுப்பு வண்டி. சீற் இருமுறை மாறிவிட்டது, சில்லுகள் மாறிவிட்டன, சங்கிலி எத்தனை முறை மாறியதென்பதற்குக் கணக்கில்லை. பழையது சட்டம் மாத்திரமே. அதனைக் கழுவிப் பூட்டித் தரும் சைக்கிள் கடைக்காரர் எங்கள் ஊரில் ஒரு வேப்பமரத்தின்கீழ் இருக்கின்றார். ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு பம், அரத்தாள் துண்டு, சொலூசன் குழாய், குறடுகள் சில: இவையே அவருடைய தொழிற்சாலை. ரியூப்பைக் காற்றடைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, துடைத்து, தேய்த்து, ஒட்டுப் போடுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஊர்ச் செய்தி முழுவதும் கிடைத்துவிடும்.

இவ்வளவு பெருமை பேசுபவனுக்குப் புதிய சைக்கிளில் ஆசை இல்லையோ என்று வாசகர் வினவலாம். உண்டு, மிகவும் உண்டு. நகரத்துக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடியின் முன் மாலை வேளைகளில் நான் நிற்பதை என் மாணவர்கள் கண்டிருக்கிறார்கள். உள்ளே அலுமினியச் சட்டம், இருபத்தொரு கியர், தட்டுப் பிறேக், நீலமும் வெள்ளையுமாகப் பளபளக்கும் வர்ணம். அதன் பக்கத்தில் மின்கலத்தால் ஓடும் வண்டியொன்று. சமதரையிற் கியர் எதற்கு என்று அறிவு கேட்கும். சோளகத்தில் எதற்கென்று தெரியும் என்று முழங்கால் விடையிறுக்கும். எதிர்காற்றிற் பின்பல்லுச் சில்லைப் பெரியதாக மாற்றிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீற்றர் செல்வதற்குப் பதிலாக மூன்று மீற்றர் சென்றாலும், மிதிப்பது இலகுவாகும் அன்றோ? இப்படி ஆசைக்குக் கணிதமும் துணைபோய்விடுகிறது.

கார் வாங்க ஆசைப்படுபவனுக்குக் கடனும் வட்டியும் நித்திரையைக் கெடுக்கும். சைக்கிளுக்கு ஆசைப்படுபவனுக்கு அந்தக் கவலை சிறியது. ஆனால் ஆசையின் தன்மை ஒன்றே. சைக்கிள் கடைக்காரரிடம் இதனைச் சொன்னேன். அவர் ரலியின் சட்டத்தை விரலாற் தட்டி ஓசை கேட்டுவிட்டு, ‘மாஸ்டர், வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. ஆனா இந்த இரும்பு இனி வராது’ என்றார். சிறிது நேரங் கழித்து, ‘புதுசு ஆருக்கு வேணுமெண்டு முதல் யோசியுங்கோ’ என்றும் சொன்னார்.

பிள்ளை கேட்ட கேள்வி

அவ்வினாவுக்கு விடை எங்கள் வீட்டிலேயே காத்திருந்தது. என் மகளுக்குப் பதினைந்து வயது. நகரத்துப் பாடசாலையொன்றிற் கற்கின்றாள். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளை. காலையிற் பஸ்ஸில் நெருங்கி நின்று போவாள். மாலையில் ரியூசன் முடிந்ததும் எவராவது மோட்டார்ச் சைக்கிளிற் சென்று ஏற்றிவரவேண்டும். ஒருநாள் அவள், ‘அப்பா, நீங்கள் மட்டும் சைக்கிளிலை போறியள். எனக்கு மட்டும் ஏன் ஏலாது?’ என்று கேட்டாள். மனைவியாரோ, ‘இஞ்சாருங்கோ, உந்தப் பெரிய றோட்டிலை பிள்ளையைத் தனிய விடுறதோ?’ என்றார்.

இருவர் சொன்னதும் நியாயமே. 2009க்குப் பின்னர் நமது பெருவீதிகள் அகலமாக்கப்பட்டுக் காபெற் இடப்பட்டன. குன்றும் குழியுமாகக் கிடந்த வீதியில் முதுகு நொந்தவர்க்கு அது பெரும் பேறு. ஆனால் வீதி மழமழப்பானதும் வேகம் கூடிற்று. வேகம் கூடியதும் வீதியோரம் ஒடுங்கிற்று. ஒன்றையொன்று முந்தும் பஸ்களும், மணல் ஏற்றிய ரிப்பர்களும் காதருகே ஹோர்ண் அடித்துச் செல்லும்போது, நாற்பது வயது கடந்த நானே சிலவேளை வண்டியை மண்ணிலே இறக்கிவிடுகின்றேன். அங்கே ஒரு சிறுமியை விட எந்தத் தாய் இசைவாள்? இவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் அஞ்சி அஞ்சிப் பிள்ளைகளை மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றுகின்றோம். அதனால் வீதியில் மோட்டார் வாகனம் மேலும் பெருகுகின்றது. அதனால் அச்சமும் பெருகுகின்றது. இது ஒரு சுழல். எவர் முதலில் இதிலிருந்து வெளியேறுவது என்பதே கேள்வி.

நெதர்லாந்து தேசமும் இச்சுழலிற் சிக்கியிருந்தது. 1971இல் அங்கே வீதி விபத்துக்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் வீதியில் இறங்கிப் பிள்ளைகளின் உயிருக்காகக் குரல் எழுப்பினர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வர, அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு சைக்கிளுக்கெனத் தனிவழிகள் அமைந்தன. இன்று அந்நாட்டில் மக்கள் தொகையினும் சைக்கிள்களின் தொகை மிகுதி. அவர்கள் சைக்கிளோட்டிகளாகப் பிறந்துவிடவில்லை. தங்கள் பிள்ளைகளுக்காக அவ்வாறு ஆயினர்.

தனிவழி அமையும்வரை என் மகள் காத்திருக்க முடியாது. ஆகவே ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் வேறொரு வழி தேடிப் புறப்பட்டோம். அவள் இரவலாகப் பெற்ற சைக்கிளில்; நான் ரலியில். சுன்னாகத்திலிருந்து மேற்கே விலகி, உடுவில், இணுவில் மேற்கு, தாவடி, கொக்குவில் மேற்கு என்று ஒழுங்கைகளாலேயே நகரத்தை நோக்கிச் சென்றோம்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளின் அருமையை நாம் மறந்துவிட்டோம். இருபுறமும் பூவரசங் கதியாலும் கிடுகு வேலியும், இடையிடையே மதிலும். மேலே மாமரமும் முருங்கையும் நிழல் செய்யும். ரிப்பர் நுழையாது; பஸ் நுழையாது. வளைவுதோறும் ஒரு வைரவர் கோயில்; அதன் முன்னே தூண்டாமணி விளக்கு. உள்ளே அம்மியரைக்கும் ஓசை. எங்கோ ஒரு வீட்டில் மிருதங்கப் பயிற்சி. வெங்காயத் தோட்டத்தில் நீர் பாயும் வாய்க்காலோரமாக ஒரு பாதை. அங்கே செம்மண் மணத்தது. பெருவீதியை இரண்டு இடங்களிலே குறுக்கே கடக்க நேர்ந்தது. அவ்விடங்களில் இறங்கி உருட்டினோம். ஆறு கட்டை ஏழு கட்டையாயிற்று. பதினைந்து நிமிடம் கூடிற்று. வழியில் எங்கேனும் ஒரு கணம் நான் அஞ்சவில்லை. திரும்பி வந்ததும் மகள் அவ்வழியைத் தன் கொப்பியிற் படமாக வரைந்து, கோயில்களையும் கிணறுகளையும் அடையாளமிட்டுத் தாயாரிடம் காட்டினாள். தாயார் நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘முதல் ஒரு மாதம் அப்பாவும் கூடப் போகவேணும்’ என்றார்.

அடுத்த வாரம் நகரத்துக் கடைக் கண்ணாடியின் முன் நின்றவர் இருவர். இருபத்தொரு கியர் வண்டியை நான் ஒருமுறை பார்த்தேன். வாங்கியது முன்கூடையும் பின்கரியரும், இறங்கிய சட்டமும் உடைய பெண்பிள்ளைகளுக்கான சைக்கிள் ஒன்று. நிறம் நீலம். வேப்பமரத்தடிக் கடைக்காரர் அதன் கம்பிகளை இறுக்கி, குண்டுகளுக்குக் கிறீஸ் இட்டு, பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்து, காசு வாங்காமல் அனுப்பினார்.

வேண்டுவது பெரிதன்று

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018இல் யூன் 3ஆந் திகதியை உலக சைக்கிள் தினமாகப் பிரகடனஞ் செய்தது. தினங் கொண்டாடுவதில் நாம் வல்லவர். ஆனால் நமக்கு வேண்டுவது ஊர்வலமன்று. ஒழுங்கைகளை ஒன்றோடொன்று தொடுத்து, எந்த ஒழுங்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டும் சிறு பலகைகள் வேண்டும். பெருவீதியைக் குறுக்கே கடக்கும் இடங்களில் வெள்ளைக் கோடும், பாடசாலை நேரத்தில் ஒரு காவலரும் வேண்டும். மதகுகளின் உடைவு திருத்தப்படவேண்டும். மாலையில் எரியும் விளக்கு வேண்டும். இவை கோடிக்கணக்கான ரூபா செலவாகும் திட்டங்களல்ல. பிரதேச சபையும் பாடசாலையும் பெற்றோரும் ஒரு மேசையில் இருந்து பேசினால் முடியும் காரியங்கள். நல்லூர்க் கந்தன் மகோற்சவத்தின் இருபத்தைந்து நாட்களிலும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களைத் தடுத்து, ஆயிரக்கணக்கான சைக்கிள்களை அயல் வளவுகளிற் துண்டு கொடுத்துப் பாதுகாக்க நமக்குத் தெரிந்திருக்கின்றதே! இருபத்தைந்து நாள் முடிவது ஏனைய நாளிலும் ஓரளவு முடியாதோ?

மாணவர்க்கு ஒரு வார்த்தை. மோட்டார்ச் சைக்கிள் வந்தால்தான் மதிப்பு என்று எண்ணவேண்டா. உங்கள் தாய் தந்தையர் கல்வி கற்றது சைக்கிளிலே. உயிர் பிழைத்ததும் சைக்கிளிலே. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஒழுங்கைகளில் ஒருமுறை சென்று, பெருவீதியைத் தொடாமற் பாடசாலைக்குப் போகும் வழி உண்டோ என்று பாருங்கள். கண்டால் அதனைப் படமாக வரைந்து உங்கள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு படம் வரையப்பட்டால், குடாநாடு முழுவதற்கும் பிள்ளைகளின் கையாலேயே ஒரு சைக்கிள் வரைபடம் உருவாகிவிடும். புறப்படுமுன் ரயருக்குக் காற்றுப் போதுமோ என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.